பதினான்கு கோடுகள்

ஆகஸ்ட் இரண்டாம் வாரம்.
அரங்கில் இன்னும் ஐஸ் போடவில்லை.
வெறும் சிமெண்டுத் தரை, நடுவட்டத்தில்
யாரோ விட்டுப்போன துடைப்பம்.
அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்
மார்ச்சில் யார் எங்கே நிற்பார்கள் என்று.

நாலாம் பக்கம், இடது பத்தி,
ஒன்று முதல் பதினான்கு வரை.
இருபத்திரண்டு வருஷமாகப் போடுகிறேன்.
முழுப் பட்டியல் ஒருமுறையும் பலித்ததில்லை.
சம்பளம் மட்டும் தேதி தவறுவதில்லை.

முதலிடம் சுலபம்:
காசுள்ள ஹெல்சின்கிக்காரர்கள் யாரையாவது போட்டுவிடலாம்.
கடைசியும் சுலபம்:
நவம்பரிலேயே பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பப்போகிறவர்கள்.
நடுவில் இருக்கிற எட்டுப் பேர்தான்
உயிரை வாங்குவார்கள்.
ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் இருப்பது
கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு வட்டு,
ஒரு ஜுரம்,
ஒருவன் மனைவி மாமனார் ஊருக்கே போய்விடலாம் என்பது.
இதையெல்லாம் எந்தப் புள்ளிவிவரத்தில் தேட?

எங்கள் ஊரை எங்கே வைப்பது?
மேலே வைத்தால் ஜால்ரா.
போன வருஷம் பத்து என்று எழுதினேன்,
பத்தாவதாகவே வந்தார்கள்.
பேக்கரி ஹில்க்கா ஏலக்காய் பன்னைக்
கையில் தரவில்லை, மேஜைமேல் வைத்தாள்.
“எல்லாம் உன் வாய் முகூர்த்தம்.”

இந்த வருஷம் யெரே திரும்பியிருக்கிறான்.
மூன்று வருஷம் சுவிஸில் கோல் காத்தவன்.
சுவர் என்கிறார்கள்.
நான்கு என்று எழுதினேன். பென்சிலால்தான்.

ரத்த அழுத்த மாத்திரைக்குப் போன இடத்தில்
சட்டைப்பையிலிருந்து பட்டியல் விழுந்தது.
யெரேயின் அம்மா ராய்யா எடுத்துப் பார்த்தாள்.
“நாலா?”
பெட்டியில் என் பெயர் ஒட்டினாள்,
ஓரத்தை நகத்தால் நீவினாள்.
“ஏரிக்கரை வீட்டில் பன்னிரண்டு படி.
பக்கவாட்டாக இறங்குகிறான்.
படிக்குப் படி ரெண்டு காலும் வைத்து.”
அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

நம்பத்தகுந்த வட்டாரங்கள் என்று
எத்தனை முறை அச்சடித்திருப்பேன்.
நம்பத்தகுந்த வட்டாரம் ஒன்று
வெள்ளைக் கோட்டோடு நின்றது அன்றுதான்.
அதையும் எழுத முடியாது.
எழுதினால் பதின்மூன்று அணியும்
அந்த முட்டிப் பக்கமாகவே அடிக்கும்.

ரப்பரால் நான்கை அழித்தேன்.
பதினொன்று.
காரணம்: ‘தற்காப்பு ஆட்டம் போதாது.’
இருபத்திரண்டு வருஷத்தில்
நான் எழுதிய மிகச் சப்பையான வாக்கியம்.

பனி விழுந்தது. டிராக்டர்காரர் தெருப்பனி முழுதும்
என் வாசலில் தள்ளினார், இரண்டு தடவை.
பெட்ரோல் பங்கில் யெரே சிரித்தான்,
“பதினொன்றா, அண்ணே?”
இடதுகாலில் மட்டும் நின்றுகொண்டிருந்தான்.
நான் காற்றழுத்தம் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

டிசம்பர் ஒன்பது, இரண்டாம் பகுதி.
முட்டி போயிற்று.
அரங்கம் மூச்சுவிடுவதை நிறுத்திய நேரத்தில்
என் நெஞ்சின் ஒரு மூலை
சரிபார்க்கிறது பட்டியலை. அந்த மூலையை
நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு நீலோ வந்தான்.
பத்தொன்பது வயது. ஹெல்மெட் சற்றுப் பெரிது.
காலால் தடுத்தான், தோளால் தடுத்தான்,
விழுந்த பிறகும் தடுத்தான்,
எந்தப் பாடத்திலும் இல்லாத மாதிரி.
ஜனவரியில் ஒன்பது, பிப்ரவரியில் ஆறு,
மார்ச்சில்
மூன்று.

எட்டு இடம் பிசகினேன்.
ஊரே என்னிடம் அன்பாக இருக்கிறது.
ஹில்க்கா பன்னைக் கையில் தந்தாள், இன்னொன்று இனாம்.
தப்பாகச் சொல்கிற ஜோசியனை
யாருக்குத்தான் பிடிக்காது?

மாத்திரை தீர்ந்திருந்தது.
ராய்யா லேபிள் ஒட்டினாள்.
“முட்டியைச் சரியாகச் சொன்னேன்.”
“சொன்னீர்கள். எப்படி இருக்கிறான்?”
“நேராக இறங்குகிறான். மெதுவாக.”

கொஞ்சம் தயங்கிக் கேட்டேன்:
“அந்த நீலோவின் அம்மா
எங்கே வேலை செய்கிறாள்?”